ஜொகூரில் மழைக்காலம் ஏன் தாமதமாக முடிகிறது? மெர்சிங் சொல்லும் பருவக் கணக்கு

மலேசியாவில் ஏது பருவம், ஒரு நாள் வெயில் காய்கிறது, மறுநாள் மழை கொட்டுகிறது, அவ்வளவுதான் என்று பேசிக்கொள்வது தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு. ஜொகூரின் கிழக்குக் கரையில், தென் சீனக் கடலைப் பார்த்தபடி இருக்கும் மெர்சிங்கில் இந்தப் பேச்சு எடுபடாது. தியோமான் தீவுக்குப் படகேறும் ஊராகத்தான் இதைப் பலருக்கும் தெரியும். ஜூலை மாதத்தில் இங்குள்ள படகுத்துறையில் பெட்டியும் பையுமாகக் கூட்டம் நிற்கும். டிசம்பர் கடைசியில் அதே துறை வெறிச்சோடிக் கிடக்கும். தீவுகளில் பல தங்கும் விடுதிகள் பூட்டியிருக்கும். மீன்பிடிப் படகுகள் மெர்சிங் ஆற்றுக்குள் ஒதுங்கி நிற்கும். வெப்பமானியைப் பார்த்தால் இரண்டு மாதங்களுக்கும் இடையில் சில பாகைதான் வித்தியாசம். ஆனால் ஊர் வேறு ஊராக இருக்கும்.

இது ஏன் என்று தெரிந்துகொள்வது தீவுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு மட்டும் வேண்டிய சங்கதியில்லை. கோத்தா திங்கி, சிகாமட், பத்து பகாட் வட்டாரங்களில் வெள்ளம் எப்போது வரும் என்பதற்கான விடையும் இதற்குள்தான் இருக்கிறது. பொங்கல் வந்துவிட்டால் மழைக்காலம் கழிந்துவிட்டதாக எண்ணுகிற பழக்கம் ஜொகூரில் பலமுறை பொய்த்திருக்கிறது.

முதலில் சூரியன். ஐரோப்பாவில் பருவத்தை மாற்றுவது பகலின் நீளம். கோடையில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம், குளிரில் நான்கு மணிக்கே இருட்டு. மெர்சிங் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய இரண்டரைப் பாகைதான் வடக்கே இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் 20 நிமிட வேறுபாடுகூடக் கிடையாது. சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை நேர் உச்சிக்கு வருகிறது. மார்ச் கடைசி வாரத்தில் ஒரு முறை, செப்டம்பர் நடுவில், மலேசிய தினத்தை ஒட்டி, மறுமுறை. அந்த நாட்களில் பிற்பகல் ஒரு மணியை ஒட்டி வெளியே நின்றால் நிழல் காலடியிலேயே அடங்கிவிடும்.

ஆனாலும் பிப்ரவரியில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்மார்கள் “இன்னும் விடியவே இல்லையே” என்று சொல்வது பிரமையல்ல. மெர்சிங்கில் பிப்ரவரி நடுவில் சூரியன் காலை 7.15 மணிக்கு மேல்தான் எழுகிறது. நவம்பர் தொடக்கத்திலோ 6.50 மணிக்கு முன்பே எழுந்துவிடுகிறது. பகல் நீளவும் இல்லை, குறையவும் இல்லை. பூமி தன் அச்சில் சாய்ந்தபடி, நீள்வட்டப் பாதையில் சூரியனைச் சுற்றுவதால் உச்சிப்பொழுதே கடிகாரத்தில் முன்னும் பின்னுமாக நகர்கிறது. விடியலும் அந்தியும் சேர்ந்து நகர்கின்றன. மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இங்கே பருவத்தைக் கொண்டுவருவது காற்று. அது எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்பதை வைத்துத்தான் மெட்மலேசியா எனப்படும் மலேசிய வானிலை ஆய்வுத் துறை ஆண்டைப் பிரிக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. மே இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இரண்டுக்கும் நடுவே, காற்று திசை மாறுகிற இரண்டு இடைக்காலங்கள். தமிழுக்கு இது புதிதல்ல. வடக்கிலிருந்து வீசினால் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்த மொழி இது. மெர்சிங்கின் மழைக்காலத்தைக் கொண்டுவருவது வாடையும் கொண்டலும்.

வடகிழக்குக் காற்றின் பிறப்பிடம் வெகு தொலைவில், சைபீரியா, மங்கோலியா பக்கம். அங்கே குளிர்காலத்தில் நிலம் உறைந்து, குளிர்ந்த கனமான காற்று தேங்கிவிடும். அது நிறைந்து வழியும்போது சீனாவைக் கடந்து தெற்கே பாய்கிறது. புறப்படும்போது அது உலர்ந்த காற்று. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தென் சீனக் கடலின் வெதுவெதுப்பான நீருக்கு மேல் வரும்போது ஈரத்தை வாரிக்கொள்கிறது. தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் முட்டும்போது அந்த ஈரம் மழையாக இறங்குகிறது. இந்தப் பாய்ச்சல் ஒரே சீராக வருவதில்லை. சில நாட்கள் தொடர்ந்து கொட்டிவிட்டுச் சற்று ஓயும், பிறகு மறுபடி கிளம்பும். வானிலை அறிக்கைகளில் வரும் ‘பருவக்காற்று எழுச்சி’ என்பது இந்த ஒவ்வொரு பாய்ச்சலையும்தான். போர்னியோ தீவுக்கு அருகே உருவாகும் காற்றுச் சுழற்சி இதனோடு கைகோத்துவிட்டால் மழை இன்னும் பலமாகும்.

இனி ஜொகூருக்கான செய்தி. மழைப் பட்டை ஒரே நேரத்தில் கிழக்குக்கரை முழுவதையும் நனைப்பதில்லை. நவம்பரில் அது கிளந்தான், திரெங்கானு பக்கம் இருக்கும். சூரியன் தெற்கே போகப் போக அதுவும் தெற்கே இறங்கும். டிசம்பர், ஜனவரியில் பகாங், ஜொகூர், சரவாக் பக்கம் அதன் பலம் கூடுகிறது. கிளந்தானில் வெள்ளம் வடிந்து மக்கள் வீடு கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் ஜொகூரின் முறை வருகிறது. தொலைக்காட்சியில் கோத்தா பாரு காய்ந்துவிட்டதைப் பார்த்து இங்கே நிம்மதியடைவதில் பொருளில்லை.

மெர்சிங்கில் டிசம்பர் மாதத்தில் மட்டும் சராசரியாக 500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மில்லிமீட்டர் என்றால் சிறிதாகத் தோன்றும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். அப்படியானால் ஒரு சாப்பாட்டு மேசை அளவு இடத்தில் ஒரே மாதத்தில் 500 லிட்டருக்கு மேல். லண்டன் நகருக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையே சுமார் 600 மில்லிமீட்டர்தான்.

இதே காற்றுதான் தமிழ்நாட்டுக்கும் வடகிழக்குப் பருவமழையைத் தருகிறது. ஆனால் நாள் கணக்கு வேறு. அங்கே ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பார்கள். மார்கழி பிறந்தால் மழை ஓய்ந்து பனி தொடங்கிவிடும். மெர்சிங்கில் மார்கழிதான் மழையின் உச்சம். ‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்ற பழமொழியும் கப்பலேறி வந்து இடம் மாறிப்போனது. ஆடி மாதத்தில் மெர்சிங் கடல் பெரும்பாலும் அடங்கித்தான் கிடக்கும். அம்மியைப் பறக்கவிடும் காற்று வேண்டுமென்றால் மார்கழி வரை காத்திருக்க வேண்டும். தாயகத்திலிருந்து நாட்காட்டி வந்தது, பண்டிகைகள் வந்தன, பருவம் மட்டும் கூடவே வரவில்லை.

2006 டிசம்பரில் ஜொகூர் கண்டது வெறும் மழை அல்ல. அந்த மாதம் 19ஆம் தேதி வாக்கில் தொடங்கிய பெருமழையில் சிகாமட், கோத்தா திங்கி, மூவார், பத்து பகாட், குளுவாங் எனப் பல மாவட்டங்கள் மூழ்கின. தண்ணீர் வடிந்தது. மக்கள் வீடு திரும்பினார்கள், சேற்றை அள்ளினார்கள், புது மெத்தையும் அடுப்பும் வாங்கினார்கள். 2007 ஜனவரி 11, 12 தேதிகளில் இரண்டாவது அலை வந்தது. பொங்கலை ஒட்டிய நாட்களில் கோத்தா திங்கியில் ஜொகூர் ஆற்றின் நீர்மட்டம் 5 மீட்டரைத் தாண்டியது. அபாய அளவுக்கு மேலே இரண்டு மீட்டருக்கும் அதிகம். இரண்டு அலைகளிலுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. புதிதாக வாங்கிய மெத்தையும் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்தவற்றின் தேதிகளையும் கவனிக்க வேண்டும். சிகாமட் மறுபடி மூழ்கியது 2011 ஜனவரி கடைசியில், சீனப் புத்தாண்டுக்கு மூன்று நான்கு நாட்களே இருந்தபோது. 2023இல் வெள்ளம் உச்சத்தைத் தொட்டது மார்ச் தொடக்கத்தில். அப்போது ஜொகூரில் மட்டும் 40,000க்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களில் இருந்தார்கள். பத்து பகாட், யோங் பெங் பக்கம் தண்ணீர் வடியப் பல வாரங்கள் ஆயின. 2025இலும் மார்ச் மாதம்தான், அதுவும் 19ஆம் தேதிக்குப் பிறகு, பருவக்காற்று எழுச்சியில் ஜொகூர் பாரு உட்படப் பல பகுதிகள் நீரில் நின்றன. ஒன்றுகூட நவம்பரில் நடந்ததல்ல.

மெர்சிங் பக்கம் கொட்டுகிற மழை மேற்குக் கரையில் இருக்கும் பத்து பகாட்டை ஏன் நனைக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. வடக்கே தித்திவங்சா மலைத்தொடர் சுவர் போல நின்று, கிழக்கு மழையை மேற்கே போகவிடாமல் பெருமளவு தடுக்கிறது. அந்தச் சுவர் நெகிரி செம்பிலானோடு தேய்ந்துவிடுகிறது. ஜொகூரில் குனோங் லேடாங் தனியாக நிற்கிறது, அங்கங்கே வேறு சில மலைகள் உண்டு, மற்றபடி தாழ்ந்த சமவெளிதான். பலமான எழுச்சி வந்தால் மழை மாநிலத்தைக் குறுக்காகக் கடந்துவிடும். கடந்தபின் தட்டையான நிலத்தில் நீர் ஓடுவதற்குச் சரிவும் இல்லை. கோத்தா திங்கிக்கு இன்னொரு சங்கடம், அங்கே ஆற்றில் கடலின் ஏற்றமும் இறக்கமும் தெரியும். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் மழைவெள்ளம் வந்தால் ஆறு இறங்க வழியில்லாமல் கரையேறுகிறது.

மழைக்காலம் என்றால் தோட்டத்துக் குடும்பங்களுக்கு நினைவில் வருவது வெள்ளத்துக்கும் முந்திய ஒன்று, வெட்டில்லாத நாட்கள். ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்குவது விடியலுக்கு முன்னும் பின்னுமான குளிர்ந்த நேரத்தில். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு மரத்தின் மேனியெங்கும் வழிந்துவிடும், மங்கில் விழுந்ததையும் மழைநீர் கெடுத்துவிடும். அதனால் பெரட்டுக்குப் போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதும், வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்புவதும் அந்த மாதங்களின் வழக்கமாக இருந்தன. நாட்கூலியும் பால் எடையும் பார்த்துச் சம்பளம் போட்ட காலத்தில் டிசம்பர் மழை நேராகச் சோற்றுப் பானையில் விழுந்தது. கடையில் 555 கணக்குப் புத்தகம் தடிக்கும் மாதம் அது. இன்று ஜொகூரின் பெரும்பகுதி செம்பனைக்கு மாறிவிட்டது. செம்பனை மழையைத் தாங்கும், ஆனால் வெள்ளம் நிற்கும் காட்டில் குலை வெட்டவும் முடியாது, வெட்டிய குலையை லாரி ஏற்றவும் முடியாது. ஆண்டின் தொடக்க மாதங்களில் குலை விளைச்சலும் இயல்பாகவே குறைவு.

மெர்சிங் மீனவர்களுக்கும் அதே கதைதான். கடல் கொந்தளிக்கும்போது சிறு படகுகள் போக முடியாது, வலையைப் பழுது பார்ப்பதும் படகுக்குச் சாயம் பூசுவதுமாக நாள் போகும். நெடுந்தொலைவில் குளுவாங் சந்தையில் கெம்போங் மீன் விலை ஏறுவதற்கு ஒரு காரணம் இங்கே ஆற்றில் கட்டிக்கிடக்கும் படகுகள். இந்த மாதங்களில் ஆயர் பாப்பான், டெசாரு போன்ற கடற்கரைகளில் வெயில் அடிக்கிற நாளிலும் அலை உள்ளே இழுக்கும். சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் அளவு தண்ணீரும் வேண்டாம்.

இந்தக் காற்று ஒரே ஒரு முறை எல்லைமீறி ஒரு புயலையே ஜொகூரில் கரையேற்றியிருக்கிறது. பூமியின் சுழற்சி தரும் விசை நிலநடுக்கோட்டருகே மிகக் குறைவு. ஆகவே அங்கே புயல் சுழல முடியாது என்பதுதான் பாடநூல் கணக்கு. 2001 டிசம்பர் கடைசியில், நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகை தொலைவில் உருவான வாமெய் புயல் அந்தக் கணக்கை உடைத்தது. டிசம்பர் 27ஆம் தேதி அது தென்கிழக்கு ஜொகூரில் கரை கடந்தது. குனோங் பூலாய் பகுதியில் மண்சரிவு உயிர்களைப் பறித்தது. வாமெய் என்பது ஒரு பாடும் பறவையின் பெயர் என்பதைக் கேட்டால் சற்று வியப்பாக இருக்கும்.

வழக்கமான ஆண்டுகளில் பிப்ரவரியில் வடகிழக்குக் காற்றின் குணம் மாறும். காற்று வீசும், மழை குறையும், வானம் வெளிறிய நீலமாகத் தெரியும். பாசிர் கூடாங்கில் பட்டத் திருவிழா பல ஆண்டுகளாகப் பிப்ரவரியை ஒட்டி நடந்துவருவது இந்தக் காற்றுக்குப் பொருத்தமானதுதான். ரப்பர் மரங்கள் இலை உதிர்ப்பதும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான். இலைகள் மஞ்சளும் செம்பழுப்புமாகி, ஓரிரு வாரங்களில் மரம் மொட்டையாகிவிடும். தரையில் சருகு சலசலக்கும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும். புது இலை முற்றும்வரை பால் குறைவு. வெளிநாட்டு இலையுதிர் காலத்தைப் படத்தில் பார்த்து வியப்பவர்கள் பழைய ரப்பர் காட்டுக்குள் ஒரு முறை போய்ப் பார்க்கலாம்.

ஏப்ரல், மே இடைக்காலத்தில் காற்று சோம்பிவிடும். காலை புழுக்கம், பிற்பகல் இடி, மாலை ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு நின்றுவிடும் மழை. அக்டோபரிலும் இதே கதைதான். தீபாவளி பெரும்பாலும் இந்த இரண்டாவது இடைக்காலத்தில் வருவதால், எண்ணெய்க் குளியல் முடித்துக் கோவிலுக்குப் போகும்போது வெயிலும், விருந்தாளிகள் வரும் நேரத்தில் இடிமழையும் சேர்ந்தே அமைகின்றன. கூடாரம் போடுகிறவர்களுக்கு இது தெரியும்.

தென்மேற்குக் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மெர்சிங்குக்கு நல்ல காலம். காற்று சுமத்ராவின் மலைகளில் ஈரத்தை இறக்கிவிட்டு, தீபகற்பத்தையும் கடந்துதான் கிழக்குக் கரைக்கு வருகிறது. கடல் தெளிந்திருக்கும், தீவுகள் நிறைந்திருக்கும், டுரியான் கடைகள் முளைக்கும். மேற்குக் கரைக்கு அந்த அதிர்ஷ்டம் பாதிதான். மூவார், பொந்தியான் பக்கங்களில் விடியற்காலையில் ‘சுமத்ரா’ எனப்படும் காற்றுமழை திடீரென அடித்துக் கூரைத் தகட்டைப் பெயர்த்துவிட்டுப் போகும்.

அதைவிடக் கொடிது புகைமூட்டம். சுமத்ராவில் காடும் கரிநிலமும் எரிந்தால், தென்மேற்குக் காற்று புகையை மலாக்கா நீரிணை தாண்டி நேராக மூவாருக்குக் கொண்டுவரும். 2013 ஜூன் 23ஆம் தேதி மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700ஐத் தாண்டியது. 300ஐத் தாண்டினாலே அது மிக ஆபத்தான நிலை. மூவார், லேடாங் மாவட்டங்களில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மெர்சிங்கில் சுற்றுலாக் கூட்டம் அலைமோதும் அதே மாதத்தில்தான், அதே மாநிலத்தின் மறுகரையில் மக்கள் முகக்கவசத்தோடு வீட்டுக்குள் அடைந்துகிடந்தார்கள்.

எச்சரிக்கைகளைப் படிக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். மெட்மலேசியா தொடர் மழைக்கு மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் நிறம் ‘வஸ்பாடா’, விழிப்பாக இருக்கச் சொல்வது. ஆரஞ்சு நிறம் ‘புரோக்’, கடுமையான மழை. சிவப்பு ‘பஹாயா’, ஆபத்து. கடலுக்கு வேறு கணக்கு. காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர், அலை 3.5 மீட்டர் வரை என்றாலே முதல் நிலை எச்சரிக்கை, சிறு படகுகளுக்கு அதுவே போதும். ‘மைசுவாச்சா’ செயலியில் இவை வந்துவிடும். மழை எச்சரிக்கையை மட்டும் பார்ப்பது பத்தாது, ஆற்றின் அளவையும் பார்க்க வேண்டும். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் ‘இன்போ பஞ்சிர்’ இணையத்தளம் ஒவ்வோர் ஆற்றின் நீர்மட்டத்தையும் வழக்கம், விழிப்பு, எச்சரிக்கை, ஆபத்து என்று நான்கு படிகளில் காட்டுகிறது. தங்கள் ஊருக்கு மேலே, ஆற்றின் தலைப்பகுதியில் உள்ள அளவுகோல் எது என்று தெரிந்து வைத்திருப்பவர்களுக்குப் பல மணி நேரம் முன்னதாகவே தண்ணீர் வருவது தெரிந்துவிடும். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வீட்டுக் கிராண்ட் ஆகியவற்றை எடுத்து வைக்க அந்த நேரம் போதும்.

கடல் ஏற்றத்தைக் கணிக்கக் கைப்பேசிகூட வேண்டாம். பெரும் ஏற்றம் அமாவாசை, பௌர்ணமி நாட்களையும் அதற்கடுத்த ஓரிரு நாட்களையும் ஒட்டி வரும். அந்தத் தேதிகள் சமையலறைச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியிலேயே இருக்கின்றன. ஜனவரி, பிப்ரவரியில் வரும் தைப்பூசமும் பெரும்பாலும் பௌர்ணமியை ஒட்டியதுதான். காவடி முடிந்து பத்து மலையிலிருந்து இரவோடு இரவாகக் கோத்தா திங்கிக்குத் திரும்புகிறவர்கள், அந்த வாரம் மழை எச்சரிக்கை இருந்தால் கிளம்புமுன் ஆற்றின் அளவைப் பார்த்துக்கொள்ளலாம்.